திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்

சீன மொழி வகுப்பில் மிஸ் லின் எங்களுக்குத் தந்திருக்கும் நிரந்தர வீட்டுப்பாடம், தினமும் நாட்குறிப்பு எழுதுவது. சீனத்தில்தான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த வாக்கியங்களை மட்டும் வைத்து எழுதினால் எல்லா நாளும் ஒரே நாளாக இருக்கும்: நான் அலுவலகம் போனேன், ஆப்பிள் சாப்பிட்டேன், இன்று வெயில். அதனால் நடந்ததை முதலில் தமிழில் எழுதிவிட்டு, அதில் சீனத்தில் சொல்ல முடிகிறவற்றைப் பொறுக்கி எடுத்து அவரிடம் கொடுப்பேன். இந்த முறை அப்படிப் பொறுக்கியதில் 'இன்று வெயில்' மட்டும்தான் தேறியது. மீதி எல்லாம் இது.

நான் தோஹாவில் ஹோட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்யும் ஒரு கம்பெனியில் டாக்குமெண்ட் கண்ட்ரோலர். மார்பிள் வருவதற்கு முன் மார்பிளின் வரைபடம் வரும். கதவுக்கு முன் கதவின் வரைபடம் வரும். வருகிற ஒவ்வொரு வரைபடத்திலும் கீழ் மூலையில் காலி இடம் பார்த்து முத்திரை போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, ரெங்கராஜ் சார் மேசையில் வைப்பது என் வேலை. முத்திரை உள்ளங்கை அகலம். மேலே 'ரிசீவ்டு', நடுவே தேதி, கீழே ஏ, பி, சி, டி என்று நான்கு கட்டங்கள். ஏ என்றால் அப்படியே வேலையை ஆரம்பிக்கலாம். பி என்றால் சின்னக் குறிப்புகளோடு ஆரம்பிக்கலாம். சி என்றால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். டி என்றால் அந்தப் பக்கமே வரக்கூடாது.

டிக் போடுகிறவர் ரெங்கராஜ் சார். மன்னார்குடிக்காரர், தரக்கட்டுப்பாட்டு என்ஜினியர். அவர் யாருக்கும் ஏ கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டேன். ஏ கொடுத்தால் தான் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம் என்றார்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. முத்திரை போட்டதும் அது தெளிவாக விழுந்ததா என்று சந்தேகம் வந்துவிடும். எழுத்து தெரிந்தாலும் தேதி மங்கலோ என்று தோன்றும். அதனால் பக்கத்திலேயே இன்னொன்று போட்டுவிடுவேன். "ஒரு டிராயிங்குக்கு எதுக்கும்மா ரெண்டு ரிசீவ்டு, இரட்டைப் பிள்ளையா பொறந்திருக்கு?" என்று சார் கேட்பார். ஆனால் இரண்டிலும் டிக் போடுவார். ஒன்றை விட்டால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று அவருக்குப் பயம்.

கடற்கரைச் சாலையில் நாங்கள் முடித்துக்கொண்டிருக்கும் ஹோட்டலில் ஒரு சீனத் தேநீர்க் கூடம் இருக்கிறது. அதன் பெரிய சுவருக்கு மார்பிள் சீனாவிலிருந்து வரவேண்டியிருந்தது. மார்பிள் வரைபடங்கள் ஒரே நாள் கூரியரில் நீள நீளக் குழாய்களில் வந்தன. நான் ஒவ்வொன்றாகத் திறந்து, ஓரத்தை ஒரு முழம் விரித்து, முத்திரை போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் குழாயில் இருந்த தாள் மட்டும் துணி மாதிரி மெல்லியதாக இருந்தது. விரித்த இடத்தில் இரண்டு வரி சீன எழுத்து, இரண்டு சிறிய சிவப்பு முத்திரைகள், மற்றபடி காலி. இத்தனை காலி இடம் வைத்து எந்தக் கம்பெனியும் வரைபடம் அனுப்பியதில்லை. முத்திரை போட வசதியாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. போட்டேன். மை மெல்லப் பரவி எழுத்துகள் கொஞ்சம் பருத்தன. தெளிவாக இல்லையோ என்று பக்கத்தில் இன்னொன்று போட்டேன். குழாய்ச் சீட்டில் இருந்த எண்ணையும் அனுப்பியவர் மின்னஞ்சலையும் வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

ரெங்கராஜ் சாரும் அந்த ஒரு முழம்தான் விரித்திருக்கிறார். இரண்டு முத்திரையிலும் சி கட்டத்தில் சிவப்புப் பேனாவால் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு, தன் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். தாளின் பெரும்பகுதி காலி, எனவே வரைபடம் முழுமையடையவில்லை. அளவு குறிப்பிடப்படவில்லை. வடக்கைக் காட்டும் அம்புக்குறி இல்லை. எழுத்துகள் ஆங்கிலத்திலோ அரபியிலோ இல்லை. சிவப்பு முத்திரைகள் அங்கீகரிக்கப்பட்ட என்ஜினியருடையவை அல்ல. திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்.

குறிப்பு ஏறியதுமே அனுப்பியவருக்கு மின்னஞ்சல் தானாகப் போய்விடும். கம்ப்யூட்டர் யாரிடமும் கேட்காது.

இரண்டு நாள் கழித்து ஹோட்டல் முதலாளியின் பிரதிநிதி ஜைத் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இந்த ஊர்க்காரர், இளைஞர், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். தேநீர்க் கூடத்துக்கு வரவேண்டிய ஓவியம் எங்கே என்று கேட்டார். எங்களிடம் ஓவியம் எதுவும் வரவில்லை என்றேன். கூரியர் எண்ணைக் காட்டினார். அந்த எண்ணை நான் கம்ப்யூட்டரில் தட்டினேன். 'மார்பிள் வரைபடம், ரிவிஷன் பூஜ்யம், நிலை: சி' என்று வந்தது. ரிவிஷன் பூஜ்யம் என்றால் இன்னும் ஒருமுறையும் திருத்தாதது.

குழாயை எடுத்து வந்து மாநாட்டு மேசையில் முழுவதும் விரித்தோம். நான் முத்திரை போட்ட ஓரத்தைத் தாண்டி ஒன்றுமில்லாத தாள் போய்க்கொண்டே இருந்தது. மேசையின் மறுமுனையில்தான் கடல் தொடங்கியது. நாலைந்து கறுப்புக் கோடு, அதன்மேல் ஒரு பாய்மரப் படகு. அவ்வளவுதான். அந்தக் காலியான இடம் முழுக்க வெயிலில் வெளுத்துப்போன கடல் என்று அப்போது தெரிந்தது. அந்தக் கடலின் கரையில் என்னுடைய ரிசீவ்டு இரண்டு நின்றன.

வரைந்தவர் தோங் வெய்ஷான். எழுபத்தெட்டு வயது. மைக்கோட்டு ஓவியத்திலும் எழுத்துக்கலையிலும் சீனாவில் பெரிய பெயர் என்று ஜைத் தாழ்ந்த குரலில் சொன்னார். ஓவியத்தைச் சட்டத்தில் ஒட்டும்போது கூட இருப்பதற்காக அவரே மறுநாள் தோஹா வருகிறார். "அவர் வந்து பார்க்கட்டும். இது என் படம்தான், முடிந்துவிட்டது என்று அவர் வாயால் சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் முத்திரை போட்டவர் இந்தக் கம்பெனியில் இருக்க முடியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் ஸலாம் சொல்லிப் போனார்.

அவர் போன பிறகு ரெங்கராஜ் சார் கொஞ்ச நேரம் படகையே பார்த்தார்.

"ரோலா வந்தா டிராயிங். டிராயிங்ல முத்திரை இருந்தா ரிவ்யூ. நீ முத்திரை போடலன்னா நான் ஏம்மா டிக் போடப்போறேன்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. இருந்தாலும் அந்தப் படகைப் பார்த்தபின்னாவது அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாச் சந்தேகமும் வருகிறது, அதுவும் வேலை முடிந்த பிறகு.

என் விசா இந்தக் கம்பெனி விசா. வேலை போனால் காயல்பட்டினம் போக வேண்டும். போவதுகூடப் பரவாயில்லை. ஏன் வந்தாய் என்று உம்மா கேட்பார்கள், படத்தில் முத்திரை போட்டுவிட்டேன் என்பேன், அதற்கெல்லாமா அனுப்புவார்கள் என்று உம்மா கேட்பார்கள், தெருவே கேட்கும். பேசி முடிப்பதற்கு நோன்பு வந்துவிடும்.

நஜ்மா பகுதியில் என் அக்கா நஸீரா ராத்தா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். கீழே மச்சான் நெய்னா முகம்மதுவின் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ரப்பர் முத்திரை. எங்கள் அலுவலக முத்திரையும் அங்கே செய்ததுதான். மச்சான் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, மை பரவியது தன் முத்திரையின் குற்றமில்லை, தாளின் குற்றம் என்பதை முதலில் தெளிவுபடுத்தினார்.

அதற்கப்புறம் யோசனைகள் வந்தன. வெள்ளை மை வைத்து மறைக்கலாம். தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுக்கலாம். அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிடலாம், காலியாகத்தானே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டி மறுத்ததும் கடைசி யோசனையைச் சொன்னார்.

"பெரிய டிராகனா ஒரு சிவப்பு முத்திரை செஞ்சு தர்றேன் புள்ளே. நச்சுன்னு ரெண்டுக்கும் மேல போட்டுரு. சீனாக்காரனே அசந்துருவான்."

"அவளே முத்திரை போட்டுத்தான் இப்படி நிக்கிறா. நீங்க இன்னொண்ணு எடுத்துக் குடுங்க" என்றார்கள் ராத்தா.

"நான் ஓசியில தர்றேங்கறேன்."

"ஓசின்னாதான் இன்னும் பயமா இருக்கு."

அன்று மாலை சீன வகுப்பு இருந்தது. மிஸ் லின்னிடம் மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களைச் சொல்லித்தரக் கேட்டேன். அது மூன்றாம் நிலைப் பாடம், நான் முதல் நிலை என்றார். கெஞ்சியதும் ஒரு வாக்கியம் எழுதித் தந்தார். அதை மனப்பாடம் செய்துகொண்டே மெட்ரோவில் வந்தேன்.

அந்த வாக்கியம் எனக்குத் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஓவியருடன் எப்போதும் வரும் அவருடைய மகன், ஆங்கிலம் தெரிந்தவர், அவருக்கு அடுத்த நாள் விமானத்தில்தான் வருகிறார். அதுவரை பேசுவதற்கு ஆள் வேண்டும். என் பயோடேட்டாவில் 'சீன மொழி, தொடக்க நிலை' என்று இருப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். ஆகவே முத்திரை போட்ட நானே போய், முத்திரை விழுந்த ஓவியரிடம், முத்திரை விழுந்த செய்தியை, சீன மொழியில் சொல்ல வேண்டும் என்று முடிவானது.

மறுநாள் தோங் மாஸ்டரைப் பக்கத்து ஹோட்டலின் வரவேற்பறையில் பார்த்தேன். குள்ளமானவர். கறுப்பு ஜிப் ஜாக்கெட், வெள்ளை ரப்பர் ஷூ. இரண்டு புருவமும் தூரிகை மாதிரி நீண்டு தொங்கின. ரெங்கராஜ் சாரும் கூட வந்திருந்தார், ஆனால் ஒரு தொட்டிச் செடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். நான் மனப்பாடம் செய்த வாக்கியத்தை மூச்சு விடாமல் சொன்னேன். கிழவர் கவனமாகக் கேட்டார். கையைக் காட்டி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சைனீஸ் மாஃபி" என்றார். "ஹிந்தி மாலும்?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. என்னுடைய சீனம் சீனமாக இல்லை, ஹிந்தி தெரியுமா என்கிறார். அவருடைய ஹிந்தி, சைட்டில் எல்லா நாட்டுக்காரர்களும் பேசிக்கொள்ளும் ஹிந்தி. பாதி அரபி, இல்லை என்பதற்கு மாஃபி, வினைச்சொல் கிடையாது, கை வினைச்சொல்லாக வேலை செய்யும். எனக்கும் அதே ஹிந்திதான் தெரியும். செடிக்குப் பின்னால் இருந்து ரெங்கராஜ் சார் வெளியே வந்தார். அவர் பதினைந்து வருடமாக இதே ஹிந்தியில்தான் சுவர்களை இடித்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எண்பதுகளில் குவைத்தில் ஒரு சீனக் கட்டுமானக் கம்பெனிக்குக் கூலியாளாக வந்தவராம் தோங் மாஸ்டர். கேம்ப்பில் அடுத்த வரிசை முழுவதும் இந்தியர்கள். அவர்களிடம் பழகியது அந்த ஹிந்தி, சீனா திரும்பியபின் பேச ஆளில்லாமல் அப்படியே இருந்திருக்கிறது. இன்று திறந்துவிட்டார்.

தேநீர் வந்ததும் மன்னிப்பை ஹிந்தியில் ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். ரெங்கராஜ் சாரின் குறிப்புகள். மின்னஞ்சல் அவருடைய வீட்டுக்குப் போய், மகன் மொழிபெயர்த்து, விமானம் ஏறுவதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டார். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் தூரிகையால் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டிருந்தார்.

"சி கோன்?" என்று கேட்டார். சி கொடுத்தது யார்.

ரெங்கராஜ் சார் மெல்ல மறுபடியும் செடியை நோக்கி நகர்ந்தார். நான் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசிப்பதற்குள் என் கண் செடிப்பக்கம் போய்விட்டது. கிழவர் எழுந்துபோய் சாரின் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அதன்பிறகு அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். பாதி கையால் சொன்னது, தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் குற்றம் என்னுடையது.

வாலிபத்தில் அவர் வேலை ஊர்ச் சுவர்களில் ஆளுயர எழுத்துகள் எழுதுவது. எழுதி முடித்ததும் ஒரு குழு வந்து பார்க்கும். மூன்றாவது எழுத்து உற்சாகமாக இல்லை, அழித்துவிட்டு எழுது என்பார்கள். பிறகு வெந்நீர் பிளாஸ்க் செய்யும் தொழிற்சாலையில் பிளாஸ்க் மேல் பூ வரைந்தார். பூ சோகமாக இருக்கிறது, திரும்ப வரை என்றார் மேலாளர். குவைத்தில் கொத்தனாருக்கு உதவியாளாக இருந்தவரின் கையெழுத்தைப் பார்த்து, சைட் போர்டுகள் எழுதும் வேலை கொடுத்தார்கள். மின்சார அபாயப் பலகையில் மண்டையோடு வரைந்தார். மண்டையோடு சிரிக்கிறது, ஆட்களுக்குப் பயம் வராது என்றார் பாதுகாப்பு அதிகாரி. சிரிப்பை எடுத்து வரைந்தார். இப்போது பார்த்தால் பாவமாக இருக்கிறது, பக்கத்தில் போய் ஆறுதல் சொல்லத் தோன்றுகிறது, திரும்ப வரை என்றார். ஊருக்குத் திரும்பியபின் கடைப் பலகைகள், கல்யாண வாழ்த்துகள், சாவு வீட்டில் தொங்கவிடும் இரங்கல் துணிகள். சாவு வீட்டுக்காரர்கள்கூட ஒரு எழுத்து குட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கிட்டத்தட்ட அறுபது வயதில் அவர் வரைந்த ஒரு நண்டை ஒரு வங்கி மேலாளர் வாங்கித் தன் அறையில் மாட்டினார். அறைக்கு வந்தவர்களெல்லாம் நண்டு கேட்டார்கள். அங்கிருந்து புகழ். அதன்பிறகு இத்தனை வருடமாக அவரிடம் யாரும் திரும்ப வரையச் சொன்னதில்லை. எது வரைந்தாலும், ஆஹா மாஸ்டர். சோதித்துப் பார்க்க ஒருமுறை நண்டுக்கு இரண்டு கால் குறைத்து வரைந்தாராம். ஆஹா மாஸ்டர், என்ன ஆழம்.

இதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மேசையில் தட்டினார், தேநீர் சிந்தியது.

முத்திரை விஷயத்தை நானாக எடுத்தேன். இரண்டு ரிசீவ்டும் நான் போட்டது, கெடுத்துவிட்டேன் என்றேன். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அவர்கள் பழக்கத்தில் படத்தில் காலி இடம் விடுவதே மற்றவர்களுக்கும் சேர்த்துத்தானாம். வாங்கியவன் தன் முத்திரையைப் போடுவான், அவனிடமிருந்து வாங்கியவன் போடுவான், பார்க்க வந்தவன் இரண்டு வரி எழுதிவிட்டுப் போவான். ஒரு பேரரசர் படம் பார்க்கும்போதெல்லாம் முத்திரை போட்டு, நிலாவின் மேலேயே போட்டிருக்கிறார். "ஸ்டாம்ப் மாஃபி முஷ்கிலா" என்றார் கிழவர், முத்திரையால் பிரச்சினை இல்லை. பிறகு சாரின் தொடையில் தட்டி, "சி முஷ்கிலா."

அவருக்கு ஏ வேண்டும்.

சார் உடனே நிமிர்ந்தார். கொடுத்துவிடலாம், இப்போதே கொடுத்துவிடலாம், சியை அடித்துவிட்டு ஏ என்று எழுதிவிடுகிறேன் என்றார். கிழவர் முகம் இருண்டது. திருத்தாமல் ஏ கொடுப்பதென்றால் நீயும் ஆஹா மாஸ்டரா என்று கேட்டார். இந்தக் கேள்வி சாரை எங்கோ தொட்டுவிட்டது. தமிழில் என்னிடம் சொன்னார்.

"சரியாத்தான்மா கேக்குறார். ரிவிஷன் ஒன்னு போடாம சியை எப்படி ஏ ஆக்குறது? புரொசீஜர்னு ஒண்ணு இருக்குல்ல."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலை போகாமல் இருக்க வேண்டுமானால் தோங் மாஸ்டர் படம் முடிந்தது என்று சொல்ல வேண்டும். ஏ வராமல் முடிந்தது என்று அவர் சொல்லமாட்டார். ஏ கொடுக்கிற மனிதர் வாழ்நாளில் யாருக்கும் ஏ கொடுத்ததில்லை.

மறுநாள் காலை தேநீர்க் கூடத்தில் ஒட்டுப்பலகைகளை அடுக்கி ஒரு நீண்ட மேசை செய்தார்கள். மேலே கம்பளி விரித்து அதன்மேல் ஓவியத்தை விரித்தார்கள். ஜைத் வந்திருந்தார். மகன் இன்னும் வந்து சேரவில்லை. கிழவர் மேசையைச் சுற்றி நடந்தார். நிற்பார், தலையைச் சாய்ப்பார், மறுபடி நடப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வலது ஓரத்தில் இரண்டு ரிசீவ்டும் கனமாக உட்கார்ந்திருப்பதால் கடலே அந்தப் பக்கம் வழிகிறது. படகு சறுக்கி விழப்போகிறது. இடது பக்கம், மேலே, பாய்மரத்துக்கும் தாளின் ஓரத்துக்கும் நடுவே ஒன்று வேண்டும். எடை சரியாகிவிடும்.

அங்கே இன்னொரு ரிசீவ்டு. ரிவிஷன் ஒன்றுக்கு எப்படியும் ஒரு முத்திரை வேண்டும் என்றார் சார், மிகவும் திருப்தியாக.

நான் முத்திரையை வெளியே எடுத்தேன். இதுவரை ஆயிரம் வரைபடங்களில் போட்டிருக்கிறேன், எதிலும் போடுவது என்ன என்று யோசித்ததில்லை. கிழவர் இடத்தைச் சுண்டுவிரலால் காட்டினார். பிறகு அதே விரலை என் மூக்குக்கு நேரே உயர்த்தினார்.

"ஏக்" என்றார். "தோ மாஃபி."

ஒன்று. இரண்டு கூடாது. அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு என்றால் கடைப் பலகை ஆகிவிடும்.

மைப்பெட்டியில் ஒற்றினேன். அதிகமாகிவிட்டதோ என்று பழைய தாளில் ஒருமுறை தட்டினேன். இப்போது குறைந்துவிட்டதோ என்று மறுபடி ஒற்றப் போனேன். கிழவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அப்படியே கொண்டுபோய் வைத்து அழுத்தினேன். எடுத்தேன்.

மங்கல். 'ரிசீவ்டு' என்பதில் பின்பாதிதான் தெரிந்தது. தேதியில் வருடம் மட்டும். கீழே நான்கு கட்டங்கள் மட்டும் நன்றாக விழுந்திருந்தன. என் கை தானாக மேலே எழும்பியது, பக்கத்தில் இன்னொன்றுக்கு. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ஏதோ துஆ கேட்டுப் பிரார்த்திக்கிறேன் என்று ஜைத் நினைத்திருக்க வேண்டும், அவரும் தலையைக் குனிந்தார்.

கிழவர் தூரத்தில் போய் நின்று பார்த்தார். அந்த மங்கல் படகுக்குப் பின்னால் வெகு தூரத்தில் ஏதோ கட்டடம் போல நின்றது. "அச்சா" என்றார். எவ்வளவு அச்சா என்று சொல்லவில்லை.

அடுத்தது சாரின் முறை. சிவப்புப் பேனாவை எடுத்தார். தச்சர்கள்கூட ரம்பத்தை நிறுத்திவிட்டார்கள். ஜைத் தாழ்ந்த குரலில், என்ஜினியர் ரெங்கராஜ், ஏ போடுவதில் உங்களுக்கு ஏதும் சிரமம் இருக்கிறதா என்று கேட்டார். சார் தன் குறிப்புகளை வரிசையாக மனதுக்குள் ஓட்டுவது அவர் உதட்டில் தெரிந்தது. பேனா ஏ கட்டத்தின் மேல் போனது. அங்கேயே நின்றது. என் விசா அந்தப் பேனா முனையில் தொங்குவது அவருக்கும் தெரியும், என்னைப் பார்த்தார், கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார். பேனா ஒரு கட்டம் நகர்ந்து பியில் டிக் போட்டது.

"முடியலம்மா" என்றார் என்னிடம். "மத்ததையெல்லாம் விட்டாலும் வடக்கு இல்லாம எப்படிம்மா ஏ கொடுக்கிறது."

நான் இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கிழவர் விடவில்லை. பி ஏன் என்று கேட்டார். வடக்கு காட்டும் அம்புக்குறி என்று சார் கையாலேயே சொல்லிவிட்டார். கிழவர் ஜாக்கெட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மூன்றாவது வட்டத்தைப் பார்த்து, தலையில் தட்டிக்கொண்டார். மறந்துவிட்டாராம்.

வடக்கு எது என்று என்னைக் கேட்டார். போனில் திசைகாட்டியைத் திறந்தேன். சந்தேகமாக இருந்தது, கூடத்தில் இரும்பு அதிகம். வாசலுக்குப் போய் ஒருமுறை பார்த்தேன். ஓவியம் மாட்டப்போகிற சுவரில் இடதுகைப் பக்கம் என்று காட்டினேன். கிழவர் தூரிகையை மையில் தொட்டு, அந்தப் பெரிய காலி இடத்தின் நடுவில், தொடாதது போலத் தொட்டு இரண்டு கோடு இழுத்தார். ஒரு கடற்பறவை. அலகு இடது பக்கம்.

"வடக்கு" என்றார் தமிழிலேயே. நாங்கள் அத்தனை தடவை சொல்லிக்கொண்டிருந்ததில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ரெங்கராஜ் சார் குனிந்து பறவையைப் பார்த்தார். என் போனை வாங்கித் திசையைச் சரிபார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"இப்ப ஏ கொடுக்கலாம்மா. தாராளமா கொடுக்கலாம். ஆனா இது ரிவிஷன் டூ. ஒரு முத்திரை போடு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிழவர்கூடப் பார்த்தார். ஏ அவருக்கு இன்னும் வேண்டியிருந்தது, கண்ணில் தெரிந்தது. முத்திரை என் கையில் இருந்தது. படத்தைப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் மங்கலாய் ஒன்று, நடுவே பறவை. இன்னொன்று எங்கே போட்டாலும் கடல் மறுபடி ஒரு பக்கம் வழியும். எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் காலி இடம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்ப்பது என் வேலை.

முத்திரையை மூடியில் அழுத்தி மூடினேன்.

"இடம் இல்ல சார்" என்றேன். கிழவரிடம் திரும்பி, "கலாஸ்" என்றேன், முடிந்துவிட்டது.

எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. கிழவரின் புருவம் இரண்டும் உயர்ந்தன. ஓவியத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடந்தார். முத்திரை போடத்தக்க ஒரு இடத்தை அவர் உண்மையிலேயே தேடினார் என்று நினைக்கிறேன். ஓரிடத்தில் சுண்டுவிரலை வைத்தார், எடுத்தார். கடைசியில் பெருமூச்சுவிட்டு, ஜைத்தைப் பார்த்து, "கலாஸ். மை பிக்சர். ஃபினிஷ்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அதில் இருந்தது.

ஜைத் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சுவருக்கு மேல் விளக்கு எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார். விளக்கின் வரைபடம் சியில் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான். என் வேலையைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

ஓவியம் சுவரில் ஏறிவிட்டது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் வலது பக்க முத்திரைகளை விட இடது பக்க மங்கல் முத்திரையின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். மச்சானும் வந்திருந்தார். தன் கடை முத்திரை என்று இரண்டு பேரிடம் சொன்னார், மை குறைவாகப் போட்டது தன் மைத்துனி என்றும் சொன்னார்.

ஒரு சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. கம்ப்யூட்டரில் அந்த ஓவியத்தின் நிலை 'பி'. ரிவிஷன் டூ வராததால், நிலுவையில் இருக்கிறது, விரைவில் சமர்ப்பிக்கவும் என்று தினமும் காலையில் தோங் மாஸ்டருக்கு மின்னஞ்சல் தானாகப் போகிறது. நான் அதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் ஆடிட்டில் கேள்வி வருமோ என்று சந்தேகம். போன வாரம் மன்னிப்புக் கேட்டு அவர் மகனுக்கு எழுதினேன். பதில் வந்தது. தயவுசெய்து நிறுத்த வேண்டாம், அப்பா தினமும் காலையில் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மைக்கட்டியை உரைக்க உட்காருகிறார், இப்போது பறவை மட்டுமே வரைகிறார், எதுவும் அவருக்குச் சரியாக வரவில்லை, மிகவும் சந்தோஷமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

அதை ரெங்கராஜ் சாரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"அதெல்லாம் சரி" என்றார். "ரிவிஷன் டூ எப்ப வருமாம்?"